துண்டில நம்பர் மட்டும்தான்: வன்னியில ஒரு எஸ்.ரி.டி. கிளினிக் ரிவியூ

எஸ்.ரி.டி. எண்டா உடலுறவால தொத்துற வருத்தங்கள், அதைப் பாக்கிற ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போன கதை இது. முதல் பிரச்சினை இடத்தைக் கண்டுபிடிக்கிறது. கண் கிளினிக், பல் கிளினிக், சீனி வருத்தக் கிளினிக் எல்லாத்துக்கும் கேற்றில இருந்தே அம்புக்குறி போட்டு பெரிய பலகை கிடக்கு, இதுக்கு மட்டும் தண்ணித் தாங்கிக்குப் பின்னால போய் சுவரோட திரும்பினாத்தான் ஒரு சின்னப் பலகை, அதிலயும் பாலியல் எண்டதை "பாலியில்" எண்டு எழுதி வச்சிருக்கினம், எங்கட நாட்டில தமிழ்ப் பலகை எண்டா அப்பிடித்தானே, அதுக்கு ஸ்டார் குறைக்கப் போறதில்ல. கேற்றில நிண்ட செக்யூரிற்றி தம்பி எங்க போறியள் எண்டு கேட்டார், நான் மெதுவா எஸ்.ரி.டி. கிளினிக் எண்டன், அவர் "ஆ, எஸ்.ரி.டி.யா, நேர போய் இடக்கைப் பக்கம்" எண்டு திருவிழா ஸ்பீக்கர் மாதிரி ஒரு சத்தம், மருந்துக்கு வரிசையில நிண்ட சனம் முழுக்க திரும்பிப் பாத்துது. என்ர ஓட்டோவில கூட்டிக்கொண்டு வந்த அக்கா எனக்குப் பின்னால நிண்டு சால்வையை இழுத்து முகத்தை மூடினவ. இந்தச் சத்தத்துக்குத்தான் அரை ஸ்டார் குறைக்கிறன்.

ஆஸ்பத்திரி பேர் எழுதேல்ல, எழுதவும் மாட்டன், கொமென்ட்டில வந்து கேக்காதேங்கோ. வன்னிக்குள்ள எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. குறை சொல்லுறதுக்கு பேர் போட்டா கடைசியில அங்க வேலை செய்யிற நல்ல மனுசருக்குத்தான் கடிதம் வரும்.

நான் ஓட்டோ ஓடுறன். அதுக்கு முதல், சண்டை முடிஞ்ச கையோட எங்கட பக்கம் என்.ஜி.ஓ. மழை பெய்த காலத்தில, மூண்டு வருசம் கள உத்தியோகத்தரா இருந்தனான், இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த மெனிக் பாம் முகாம் 2012ல மூட எங்கட பிராஜெக்டும் மெல்ல மெல்ல மூடிச்சுது, ஐ.டி. காட்டோட தொங்கின கழுத்தில இப்ப துவாய் தொங்குது. அந்த மூண்டு வருசத்தில போன ட்ரெயினிங்குகளில ஒண்டு ரெண்டு விசயம் மண்டைக்குள்ள நிண்டிட்டுது, அதாலதான் இதை எழுதுறன், இல்லாட்டி ஒரு ஓட்டோக்காரனுக்கு எஸ்.ரி.டி. கிளினிக்கில என்ன அலுவல்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேணும், அவ பாலியல் தொழில் செய்யிறவ. அவவிட்ட கேட்டுத்தான் எழுதுறன், ஊர், வயசு எல்லாம் விட்டிட்டன். அவ எங்கட ரவுண் ஆள் இல்ல. ரெண்டு கிழமை இஞ்ச ஒரு லொட்ஜில நிப்பா, பிறகு தம்புள்ளைப் பக்கம், பிறகு வேற எங்கயாவது, ஆறேழு கிழமைக்கு ஒருக்கா திரும்ப இஞ்ச. ஏன் அக்கா ஒரு இடத்தில நிக்கிறியள் இல்ல எண்டு கேட்டதுக்கு "முகம் பழகினா விலை குறையும் தம்பி, பொலிசுக்கு முகம் பழகினா இன்னும் மோசம்" எண்டவ. வீட்டில கார்மென்ட் வேலை எண்டு சொல்லி வச்சிருக்கிறா. பிள்ளையளுக்கு மாசா மாசம் காசு போகுது. தொடங்கினது கிழமைக் கடனில, அந்த மோட்டச்சைக்கிளில வாற லோன்காரர் இருக்கினமே, அவையின்ர கடன், ஒண்டைக் கட்ட இன்னொண்டு எடுத்து, அதைக் கட்ட மூண்டாவது. 2018ல அரசாங்கம் வரட்சி மாவட்டங்களில பொம்பிளையளின்ர நுண்கடனில ஒரு லட்சம் வரைக்கும் தள்ளுபடி எண்டு அறிவிச்சது ஞாபகம் இருக்கும், அவவின்ர கடன் அந்தக் கணக்குக்குள்ள வரேல்லயாம்.

லொட்ஜ் எண்டவுடன சிலபேர் முகம் சுழிப்பியள். இந்த லொட்ஜுகள் எப்பிடி வந்தது எண்டு இளசுகளுக்குத் தெரியாது. வவுனியாவில பயணப் பாஸ் எடுக்கக் காத்துக் கிடந்த காலம், ஆமிப் பக்கத்துக்கும் இயக்கப் பக்கத்துக்கும் எல்லையா இருந்த ஓமந்தையில சாமானை இறக்கி ஏத்தி செக் பண்ணின காலம், 2002ல ஏ9 றோட்டுத் திறந்து 2006ல பூட்டி 2009க்குப் பிறகு திரும்பத் திறந்த காலம், எல்லாக் காலத்திலயும் சனம் எங்கயாவது ராத்திரி தங்கத்தானே வேணும். எல்லை எண்ட ஒண்டு இருந்தா அங்க காத்திருக்கிற ஆம்பிளையள் இருப்பினம், லொறி ட்ரைவர், ஆமிக்காரன், கொன்ட்ராக்ட் வேலைக்காரன், வியாபாரி. அந்த இடத்துக்கு வேற ஊரில இருந்து பொம்பிளையள் வருவினம். தாய்லாந்து பர்மா எல்லையில மே சொட் எண்டு ஒரு ரவுண், நேபாளத்தில இருந்து இந்தியாவுக்குள்ள போற வழி, எல்லா இடத்திலயும் இதே கதைதான், ட்ரெயினிங்கில படம் காட்டினவை, ஊர்ப்பேரை மாத்தினா எங்கட சந்தி. இப்ப எங்கட எல்லை போயிட்டுது, செக் பொயின்ற் போயிட்டுது, லொறி நிக்கிற இடம் மட்டும் அப்பிடியே நிக்குது.

சரி கிளினிக். உள்ளுக்க போனா எதிர்பார்த்ததைவிட நல்லம், அதை மறைக்கேலாது. ஃபேன் வேலை செய்யுது, கதிரை கிடக்கு, ஆஸ்பத்திரியில வேற எங்கயும் காணாத அளவுக்கு சுத்தம். ஐ.டி. காட் கேக்கேல்ல. பேர் சொல்லுறதெண்டா சொல்லலாம், பொய்ப் பேர் சொன்னாலும் ஒருத்தரும் தோண்டிக் கேக்கிறதில்ல, ஒரு சின்ன அட்டையில நம்பர் எழுதித் தருகினம், பிறகு கூப்பிடுறது முழுக்க அந்த நம்பரைத்தான். ஐந்து சதம் காசு இல்ல, ரத்தம், சிறுநீர், ஊசி, குளிசை எல்லாம் ஃப்ரீ. அண்டைக்கு இருந்த ஆக்களைப் பாத்தா, அக்காவோட சேர்த்து ரெண்டே ரெண்டு பொம்பிளையள், மிச்சம் முழுக்கப் பொடியள், ஒருத்தன் கம்பஸ் பாக்கோட, ரெண்டு பேர் ஹெல்மெட்டைக் கழட்டாமலே இருந்தவை. ஊரில கதைக்கிறது என்னெண்டா இந்த வருத்தம் எல்லாம் "அவளவை" கொண்டுவாறது எண்டு. இலங்கையில வயசு வந்த ஆக்களில எச்.ஐ.வி. 0.1 வீதத்துக்கும் குறைவு, 1987ல முதல் உள்ளூர் ஆளைக் கண்டுபிடிச்சதில இருந்து இண்டைக்கு வரைக்கும் நாங்கள் குறைஞ்ச நாடுதான், ஆனா கிட்டடி வருசங்களில புதுசா கண்டுபிடிக்கிறதில கனபேர் ஆம்பிளையள், அதிலயும் இளம் பொடியள் கூடிக்கொண்டு வருகினம். அந்த ஹெல்மெட்டுகள் அதைத்தான் சொல்லிச்சுது.

மேசையில இருந்த நேர்ஸ் மிஸ்ஸைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் காணாது. ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடி, குரல் ஒரு நாளும் உயராது. அக்காவைக் கண்டவுடன "வாங்கோ, வெயில்ல வந்தனீங்கள், முதல் தண்ணி குடியுங்கோ" எண்டா. என்ன வேலை எண்டு அந்த மேசையில கேக்கேல்ல, உள் அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய்த்தான் கேட்டவ. அக்கா பிறகு ஓட்டோவுக்குள்ள சொன்னவ, "வேலையைச் சொன்னாப் பிறகும் அந்த மிஸ் என்ர கையைப் பிடிச்சிருந்த பிடியை விடேல்ல தம்பி" எண்டு.

ஆனா டொக்டர் அறைக்குள்ள கதை வேற. டொக்டர் சிங்களம், தமிழ் கொஞ்சம் விளங்கும், கதைக்க வராது, கெட்டவர் இல்ல, பொறுமையான மனுசன். மிஸ் வேற அறையில ஊசி போட்டுக்கொண்டு நிண்டபடியால் மொழிபெயர்க்க வந்தது ஒரு அட்டெண்டன்ட், ஆம்பிளை, அவர் இந்தியன் சீரியல் தமிழும் சுத்தத் தமிழும் கலந்து "உங்களுக்கு வெள்ளைப் போக்கு காணப்படுகின்றதா?" எண்டு கதவு திறந்து கிடக்கேக்க கேட்டாராம். அக்கா இல்லை எண்டிட்டா. இருந்தது. ஆனா இல்லை எண்டிட்டா. இந்த ஒரு சொல்லை மிஸ் பிறகு தனிய கேட்டு எடுத்திராட்டி அவ அப்பிடியே எழும்பி வந்திருப்பா. எல்லையோர ரவுணில சிங்களப் பொம்பிளையளும் இந்த வேலைக்கு வருகினம், மலைநாட்டில இருந்து வருகினம், ஆருக்கு எந்த மொழி எண்டு பாத்து கதைக்க ஒரு பொம்பிளை ஆள் அங்க நிரந்தரமா வேணும், இது பெரிய செலவு இல்ல, ஒரு சம்பளம்.

ரத்தம் எடுத்து, பஞ்சு வச்ச குச்சியால எடுத்து, கர்ப்பப்பை வாசல் புற்றுநோய்க்கு பாக்கிற அந்த டெஸ்டும் செய்து விட்டிருக்கினம். வெட்டை (கொனோரியா), கிளமிடியா மாதிரி சாமான் பொம்பிளையளுக்கு கனதரம் ஒரு குறியும் காட்டாதாம், ஆம்பிளைக்கு வெட்டை எண்டா கனதரம் எரியும், சீழ் வரும், ஓடி வருவான், பொம்பிளைக்கு உள்ளுக்க கிடந்து கருக்குழாயை அடைச்சுப் போட்டு பிள்ளை தங்காமப் போகேக்கதான் தெரியவரும். சிபிலிஸ் இன்னும் கள்ளன். முதல் வாற புண் நோகாது, பேசாம நாலஞ்சு கிழமையில தானா மாறியும் போயிடும், ஆள் சுகம் எண்டு நினைச்சுக்கொண்டு திரிய அது உள்ளுக்க இருக்கும். லொட்ஜுப் பக்கம் பொடியள் செய்யிறது என்னெண்டா எரிஞ்சவுடன பாமசியில போய் "அண்ணை, ரெண்டு குளிசை தாங்கோ", அவர் கேள்வி கேக்காம எதையோ தருவார். அந்தப் பழைய சிப்ரோ குளிசைக்கு இப்ப வெட்டை மசியாது, அது பழகிட்டுது. எரிவு குறைஞ்சா சுகம் எண்டு அர்த்தமில்ல.

இப்ப இந்த ரிவியூவின்ர முக்கியமான இடத்துக்கு வாறன். ரிசல்ற் ஒரு கிழமை. அடுத்த செவ்வாய் வாங்கோ எண்டவை. நான் எண்டா போகலாம், என்ர வீடு இஞ்ச, ஓட்டோ இஞ்ச. அக்கா திங்கள் ராத்திரி லொட்ஜ் மனேஜர் "நாளைக்கு செக்கிங் வருதாம்" எண்டு சொல்ல, பாக்கைத் தூக்கிக்கொண்டு விடியக்காலமை முதல் பஸ்ஸில போயிட்டா. சிம்மும் மாத்திட்டா. கிளினிக்கில இருந்து அவ குடுத்த போன் நம்பருக்கு அடிச்சிருக்கினம், ஸ்விட்ச் ஓஃப். ரிசல்றில சிபிலிஸ் எண்டு கிடக்கு. அது ஒரு பைலுக்குள்ள கிடக்கு. ஆள் தம்புள்ளையில.

ஆற்றையும் பிழை எண்டு சொல்ல வரேல்ல. கிளினிக் செய்யவேண்டியதை எல்லாம் செய்தது. ஆனா அந்தக் கிளினிக் ஒரு இடத்தில குடியிருக்கிற, காலமை எட்டு மணிக்கு நித்திரையால எழும்புற, ஒரே போன் நம்பர் வச்சிருக்கிற ஆளுக்காக கட்டினது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேலை செய்திட்டுப் படுக்கிற, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஊர் மாறுற ஆளுக்கு எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு எண்ட நேரம் பூட்டின கடை மாதிரித்தான். அவவுக்குத்தான் இந்தக் கிளினிக் ஆகக் கூட தேவை, அவவுக்குத்தான் ஆகக் கிட்ட வரேலாது.

ஐந்து கிழமை கழிச்சு அக்கா திரும்ப வந்து இறங்கினவ, ஓட்டோவில ஏறி "ரிசல்ற் வந்திருக்கும் என்ன" எண்டு சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டவ. நேர கொண்டுபோனன். மிஸ் அட்டையை எடுத்து தனியா ஒரு கொப்பிக்குள்ள வச்சிருந்தவ, கண்டவுடன பேச்சு ஒண்டும் இல்ல, "நல்லகாலம் வந்தது, இது மாறுற வருத்தம், பயப்படாதேங்கோ" எண்டு மட்டும்தான். பெனிசிலின் ஊசி. எப்ப தொத்தினது எண்டு தெரியாதபடியால் கிழமைக்கு ஒண்டா மூண்டு தரம் போடவேணும். முதல் அலேர்ஜி இருக்கோ எண்டு கேட்டு, பிறகு பால் மாதிரித் தடிச்ச வெள்ளை மருந்து, ஊசியும் தடிப்பு, ரெண்டு குண்டியிலயும் பாதி பாதி. போட்டிட்டு அரை மணித்தியாலம் இருத்தி வச்சிட்டுத்தான் விட்டவை. ஓட்டோவில சீற்றில இருக்க ஏலாம, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ஒரு பக்கமா சாய்ஞ்சு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு "ஐயோ". எங்கட றோட்டு உங்களுக்குத் தெரியும்தானே. நான் சிரிச்சிட்டன், அவவும் சிரிச்சவ, பிறகு கொஞ்ச நேரம் அழுதவ, நான் கண்ணாடியை வேற பக்கம் திருப்பிட்டன்.

அங்க இன்னொரு துண்டு குடுக்கிறவை, ஆரோட இருந்தனீங்களோ அவருக்கும் குடுங்கோ, அவரும் வந்து பாக்கட்டும் எண்டு. நல்ல ஏற்பாடுதான், புருசன் பொஞ்சாதிக்கு. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு "இதை ஆருக்கெண்டு குடுக்கிறது தம்பி, லொறி நம்பருக்கோ?" எண்டவ.

கொண்டமும் ஃப்ரீயா தருகினம், வேண்டிய அளவு, ஒரு காகிதப் பையில போட்டு. அதோட ஒரு விளக்கமும். மிஸ் ஒரு கொண்டத்தை ஊதிக் கட்டி, விரலில தேங்காயெண்ணை தொட்டு அதில தேச்சுக்கொண்டே கதைச்சவ, கதை முடிய முதல் டப்பெண்டு வெடிச்சுது, கதிரையில இருந்த ஹெல்மெட் பொடியன் துள்ளி எழும்பினான். எண்ணை, வசிலின் ஒண்டும் ஆகாது, ரப்பரைத் தின்னும், தண்ணியில கரையிற ஜெல்தான் பாவிக்கவேணும். ரெண்டு போட்டா டபுள் பாதுகாப்பு எண்டு நினைக்கிறவைக்கும் சொல்லுறன், ஒண்டோடொண்டு உரஞ்சிக் கிழியும். பிறகு சோப், டெற்றோல் போட்டு உள்ளுக்க கழுவிறதும் கூடாது, அது உள்ளுக்க இருக்கிற நல்ல கிருமியையும் கழுவி விட்டிடும், பிறகு தொத்துறது சுகம். அக்கா வருசக்கணக்கா அதைத்தான் செய்திருக்கிறா, சுத்தம் எண்டு.

ஆனா அந்தக் காகிதப் பையை அக்கா முழுசா எடுக்கேல்ல. நாலை மட்டும் எடுத்து போன் கவருக்குப் பின்னால சொருகினவ. கூட இருந்தா பொலிஸ் பிடிக்கேக்க இது என்ன, இவ்வளவு என்னத்துக்கு எண்டு அதைத்தான் முதல் தூக்கிக் காட்டுவினமாம். எங்கட நாட்டில இந்தப் பொம்பிளையளைப் பிடிக்கிற சட்டம் 1841ம் ஆண்டுச் சட்டம், அலைஞ்சு திரியிற ஆக்களுக்கெண்டு வெள்ளைக்காரன் போட்டது, பிறகு பாலியல் விடுதி நடத்துறதுக்கு எதிரா 1889ல இன்னொண்டு. ஒரு அரசாங்கக் கட்டிடத்தில ஃப்ரீயா குடுக்கிற சாமானை இன்னொரு அரசாங்க ஆளுக்குப் பயந்து ஒளிச்சுக் கொண்டுபோகவேணும். இதுக்கு நான் கிளினிக்குக்கு ஸ்டார் குறைக்கேலாது. கொண்டம் இல்லாம வந்தா கூடக் காசு தாறன் எண்டு கேக்கிற ஆம்பிளையளுக்கும் இதில ஸ்டார் குறைக்க வழி இல்ல, இருந்தா மைனஸில போட்டிருப்பன்.

இன்னொரு கணக்கு சொல்லுறன், ஓட்டோக்காரன் கணக்கு. கொண்டம் கிழிஞ்சா எச்.ஐ.வி. தொத்தாமப் பாக்கிறதுக்கு ஒரு குளிசை இருக்கு, 28 நாள் போடவேணும், ஆனா 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கவேணும், கெதியா தொடங்கினா அவ்வளவுக்கு நல்லம். வெள்ளி ராத்திரி பத்து மணிக்குக் கிழிஞ்சா, சனி ஞாயிறு கிளினிக் இல்ல, திங்கள் காலமை எட்டு மணிக்கு கதவு திறக்கேக்க 58 மணித்தியாலம் போயிட்டுது. லொறிக்காரருக்கு வெள்ளி சனிதான் கை நிறையக் காசு. இடையில அவசரப் பிரிவில போய்க் கேக்கலாம் எண்டு மிஸ் சொன்னவ, ஆனா அந்த கேற்று செக்யூரிற்றியைத் தாண்டி, பாம்பு கடிச்ச ஆள், பைக்கால விழுந்த ஆள் எல்லாருக்கும் நடுவில நிண்டு ஆர் வாய் திறக்கிறது. கிழமையில ஒரு பின்னேரம், ஒரு சனிக்கிழமை திறந்தா காணும். ஒண்டரை ஸ்டார் இதுக்காகத்தான் போகுது.

அக்காவுக்கு எச்.ஐ.வி. இல்ல, அதையும் சொல்லிவிடுறன். இதுக்கு வீட்டிலயே பாக்கிற கிட் ஒண்டும் இருக்கு, பல்லு முரசில மேலயும் கீழயும் ஒருக்கா ஒருக்கா தடவி, கிட்டோட வாற சின்னப் போத்தல் மருந்துத் தண்ணிக்குள்ள வச்சு, இருபது நிமிசம் பொறுத்துப் பாக்கிறது. C எண்ட இடத்தில மட்டும் ஒரு கோடு எண்டா இல்ல, ரெண்டு கோடு எண்டா உடன தலையில அடிக்காதேங்கோ, அது முடிவில்ல, கிளினிக்கில ரத்தம் குடுத்துத்தான் உறுதி செய்யவேணும். C யில கோடு வராட்டி கிட் பழுது. தடவிறதுக்கு முதல் கால் மணித்தியாலம் சாப்பிட, குடிக்க, வெத்திலை போடக் கூடாது. மூண்டு மாசத்துக்குள்ள நடந்த விசயத்தை அது பிடிக்காமலும் விடும். எச்சிலில பாக்கிறது எண்டவுடன எச்சிலால தொத்தும் எண்டு ஒரு கூட்டம் கிளம்பும், தொத்தாது, அது பாக்கிறது கிருமியை இல்ல, கிருமிக்கு எதிரா உடம்பு செய்யிற சாமானை. ஊர் மாறுற ஆக்களுக்கு இந்தக் கிட் நல்ல சாமான், பாக்குக்குள்ள கிடக்கும். ஆனா சிபிலிஸை அது காட்டாது, வெட்டையையும் காட்டாது. ஓட்டோ பெட்டிக்குள்ளயும் வைக்காதேங்கோ, எங்கட வெயிலுக்கு அதுக்குள்ள முட்டை அவிக்கலாம்.

ட்ரெயினிங்கில சொன்ன ஒரு கதை அடிக்கடி ஞாபகம் வரும். கல்கத்தாவில சோனாகாச்சி எண்டு இடம், 1992ல ஸ்மரஜித் ஜனா எண்ட டொக்டர் ஆக்கள் அந்த ஒழுங்கைக்குள்ளயே கிளினிக்கைப் போட்டு, அங்க வேலை செய்யிற பொம்பிளையளுக்கே சம்பளம் குடுத்து மற்றப் பொம்பிளையளிட்ட போய்க் கதைக்க வச்சவை. 1995ல அந்தப் பொம்பிளையளே சங்கம் கட்டிட்டினம். நேபாளம், பங்களாதேசில இருந்து வந்த பொம்பிளையளும் அதுக்குள்ள இருந்தவை. தாய்லாந்தில 1991ல நாடு முழுக்க எல்லாப் பாலியல் விடுதியிலயும் கொண்டம் கட்டாயம் எண்டு கொண்டுவந்தவை, ஒரு இடத்தில இல்லை எண்டா அடுத்த இடத்துக்குப் போவன் எண்டு ஆம்பிளை சொல்ல ஏலாத மாதிரி. அந்த ட்ரெயினிங்கில எங்களுக்கு மத்தியானம் பிரியாணி தந்தவை, பின்னேரம் குறூப் வேர்க், நான் பெரிய பேப்பரில மாக்கரால கீறிப் போட்டுக் காட்டினனான், "நடமாடும் கிளினிக், பின்னேர நேரம், இரு மொழி" எண்டு. எல்லாரும் கை தட்டினவை. பேப்பரைச் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்டுக் கொண்டுபோனவை.

மூண்டாவது ஊசிக்கு முதல் அக்கா திரும்பவும் போகவேண்டி வந்திட்டுது. இந்தமுறை ஓடேல்ல, போய் மிஸ்ஸிட்ட சொன்னவ. மிஸ் ஒரு கடிதம் எழுதி, அந்த ஊர்க் கிளினிக்குக்கு தன்ர போனிலயே அடிச்சு, "இந்த நம்பரில ஒருத்தர் வருவா, காக்க வைக்காதேங்கோ" எண்டு சொல்லி விட்டவ. இது அவவின்ர வேலையோ எண்டு எனக்குத் தெரியாது, அவ செய்தவ. பத்து நாளில ஒரு வொயிஸ் மெசேஜ் வந்தது, பின்னால பஸ் ஹோர்ன் சத்தம், "தம்பி, மூண்டாவதும் போட்டாச்சு, இஞ்சத்தை மிஸ் போடுறது உங்கட மிஸ்ஸைவிட நோகுது." மிஸ்ஸிட்ட போட்டுக் காட்டினன். மிஸ் ரெண்டுதரம் போடச் சொல்லிக் கேட்டவ. ஆனா ஒரு மிஸ்ஸை நம்பி ஒரு முழுச் சேவை நடக்கேலாது, அவவுக்கு அடுத்த வருசம் ட்ரான்ஸ்பர் வரலாம்.

ஆக மொத்தம் ஐந்துக்கு மூண்டு. மிஸ்ஸுக்கு மட்டும் எண்டா ஐந்துக்கு ஆறு.

போறவைக்கு ரெண்டு சொல்லு. காலமை எட்டரைக்கு முதல் போங்கோ, பத்து மணிக்குப் பிறகு கர்ப்பிணித் தாய்மாருக்கு சிபிலிஸ், எச்.ஐ.வி. பாக்கிற ரத்தங்கள் வந்து குவியும், அதை அவை விட்டுக்குடுக்க மாட்டினம், தாயிட்ட இருந்து பிள்ளைக்கு இந்த ரெண்டும் போறதை நிப்பாட்டின நாடு எண்டு 2019ல உலக சுகாதார நிறுவனம் எங்களுக்கு சேர்ட்டிபிக்கற் தந்தது சும்மா இல்ல. கேற்றில கேட்டா தண்ணித் தாங்கி எங்க எண்டு கேளுங்கோ, கிளினிக் எங்க எண்டு கேக்காதேங்கோ.

ஆம்பிளையளுக்கு இன்னொண்டு. நான் அக்காவோட போய்க் காத்துக்கொண்டிருக்க மிஸ் "நீங்களும் வந்தனீங்கள், சும்மா இருக்காம பாத்திட்டுப் போங்கோவன்" எண்டா, நானும் ஒண்டும் முனிவர் இல்ல, சரி எண்டன். அப்ப கேட்டவ, சிறுநீர் போய் ரெண்டு மணித்தியாலம் ஆச்சோ எண்டு, ஆகாட்டி பாக்கேலாதாம். கேற்றுக்கு வெளிய இளநி குடிச்சிட்டு, உள்ளுக்க வர முதல் மதிலோட போயிட்டு வந்தனான். திரும்ப ரெண்டு மணித்தியாலம் அந்தக் கதிரையில, ஹெல்மெட் பொடியனுக்குப் பக்கத்தில.